வெள்ளித் துகள் குழாய்க்கு வந்த வழி

மூன்றாமாண்டு வேதியியல் பிள்ளைகளுக்கு ஆண்டுதோறும் ஒரு சோதனை செய்து காட்டுவேன். கூம்புக் குடுவையில் காய்ச்சி வடித்த நீர், அதில் தங்கக் குளோரைடு கரைசல் சில சொட்டு. வெளிர் மஞ்சளாக இருக்கும். கொதி வந்ததும் சோடியம் சிட்ரேட் விடுவேன். மஞ்சள் மறைந்து தண்ணீர் நிறமில்லாமல் போகும், அப்புறம் சாம்பல் கலந்த கருநீலம் தட்டும், சில நிமிடத்தில் குடுவை முழுக்க மாதுளம்பழச் சாறு போலச் சிவந்து நிற்கும். அந்தச் சிவப்புதான் தங்க நானோ துகள். ஒரு மில்லிமீட்டரை லட்சம் கூறாக்கினால் கிடைக்கும் கூறுகளில் இரண்டைச் சேர்த்தால் எவ்வளவோ, அவ்வளவுதான் ஒரு துகளின் குறுக்களவு.

ஒரு வருடம் ஒரு மாணவி அவசரத்தில் காய்ச்சி வடித்த நீருக்குப் பதிலாக ஆய்வகக் குழாயிலிருந்து பிடித்துக் குடுவையில் கொஞ்சம் சேர்த்துவிட்டாள். எங்கள் குழாயில் வருவது போர் தண்ணீர். கண்ணெதிரே சிவப்பு ஊதாவாகி, ஊதா நீலமாகி, மறுநாள் காலை அடியில் கறுப்பாகப் படிந்து கிடந்தது. தண்ணீரிலிருந்த உப்பு, துகள்கள் ஒன்றையொன்று விலக்கிக்கொண்டிருந்த மின்னூட்டத்தை மறைத்துவிட்டது. விலக்கம் போனதும் எல்லாம் திரண்டுவிட்டன. பயந்துபோய் நின்றவளிடம், "நீ தப்பு பண்ணலம்மா, ஒரு பெரிய கேள்வியைக் கேட்டிருக்க" என்றேன். குழாய்த் தண்ணீரைத் தொட்டாலே திரண்டுபோகிற துகளை வைத்துக் குழாய்த் தண்ணீரைச் சுத்தம் செய்ய முடியுமா?

சென்னை ஐ.ஐ.டி.யின் ஓர் ஆய்வுக்குழுவும் மும்பையைச் சேர்ந்த ஒரு வீட்டுச் சாதன நிறுவனமும் சேர்ந்து இந்தக் கேள்விக்கு 2007இல் ஒரு விடை தந்தன. பூச்சிக்கொல்லியை நீக்க நானோ துகளைப் பயன்படுத்தி உலகிலேயே முதலில் விற்பனைக்கு வந்த வீட்டுக் குடிநீர்க் கருவி அது என்று அதை உருவாக்கியவர்கள் சொன்னார்கள். அந்தக் கூட்டுறவு எப்படி நடந்தது, யார் எதைக் கொண்டுவந்தார்கள், எங்கே நின்றுபோனது என்பதை என் பிள்ளைகளுக்குச் சொல்வது போலவே இங்கே எழுதுகிறேன்.

833 லாரிக்கு ஒரு கிராம்

2003 பிப்ரவரியில் டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் பாட்டில் தண்ணீரைச் சோதித்த அறிக்கையை வெளியிட்டது. டெல்லியில் வாங்கிய 17 பிராண்டுகள், மும்பையில் வாங்கிய 13 பிராண்டுகள். லிண்டேன், டி.டி.டி., மாலத்தியான், குளோர்பைரிபாஸ் என்று வயலில் தெளிக்கும் மருந்துகளின் பெயர்கள் குடிக்கும் தண்ணீரின் அறிக்கையில் வரிசையாக வந்தன. அதே ஆண்டு ஆகஸ்டில் 12 குளிர்பானங்கள் பற்றிய அறிக்கையும் வந்தது. நாடாளுமன்றம் சரத் பவார் தலைமையில் கூட்டுக் குழு அமைத்தது. 2004 பிப்ரவரியில் அந்தக் குழு, மையத்தின் முடிவுகள் சரியே என்றது.

அந்தக் கொந்தளிப்பிலிருந்து நமக்கு நிலையாகக் கிடைத்தது ஓர் எண். தனியொரு பூச்சிக்கொல்லி லிட்டருக்கு 0.1 மைக்ரோகிராமுக்கு மேல் போகக் கூடாது, எல்லாம் சேர்ந்து 0.5 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது. ஐரோப்பாவில் ஏற்கெனவே இருந்த இந்த வரம்பு பாட்டில் தண்ணீருக்கான இந்தியத் தரத்திலும் ஏறியது. 0.1 மைக்ரோகிராம் எவ்வளவு என்று பிள்ளைகளுக்குப் புரிய வைக்க ஒரு கணக்குப் போடுவேன். தெருவுக்கு வருகிற தண்ணீர் லாரி 12,000 லிட்டர் பிடிக்கும் என்று வைத்துக்கொள்வோம். அப்படி 833 லாரியில் மொத்தமாக ஒரே ஒரு கிராம் பூச்சிக்கொல்லி கலந்திருந்தால் அதுதான் வரம்பு.

இவ்வளவு குறைவாகக் கலந்திருப்பதை எப்படிப் பிடிப்பது? கொதிக்க வைத்தால் கிருமி சாகும், பூச்சிக்கொல்லிக்கு அது பெரிய விஷயமில்லை. புற ஊதா விளக்கும் கிருமிக்குத்தான். கார்பன் ஓரளவு ஒட்டவைத்துக்கொள்ளும், ஆனால் தண்ணீரிலிருக்கும் மற்ற கரிமப் பொருள்களும் அதே இடத்துக்குப் போட்டிபோடும். வீட்டுத் தண்ணீர்க் கருவி விற்பவர்களிடம் 2003இல் இந்த எண்ணுக்கு நேரான பதில் இல்லை.

யாரும் கேட்பதற்கு முன்பே தெரிந்திருந்த வினை

ஐ.ஐ.டி.யின் வேதியியல் பேராசிரியர் தலப்பில் பிரதீப் தண்ணீர் ஃபில்டர் செய்யப் புறப்பட்டவர் இல்லை. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் முனைவர் பட்டம் பெற்று 1993இல் சென்னைக்கு வந்தவர். உலோகத் துகள்களின் பரப்பில் மூலக்கூறுகள் எப்படி நடந்துகொள்கின்றன என்பதுதான் அவர் துறை. அவரும் மாணவர் ஸ்ரீகுமாரன் நாயரும் 2003இல் வெளியிட்ட கட்டுரை ஒன்று கார்பன் டெட்ராகுளோரைடு போன்ற பொருள்களைப் பற்றியது. வேதியியல் படித்தவர்களுக்கு இது எவ்வளவு பிடிவாதமான மூலக்கூறு என்று தெரியும். ஒருகாலத்தில் தீயணைப்பானில் ஊற்றி வைத்தார்கள், எரியாது. அதை வெள்ளி நானோ துகளோடு அறை வெப்பநிலையில் விட்டால் முழுதாக உடைந்து வெள்ளிக் குளோரைடும் கரித்தூளும் ஆகிவிடுகிறது என்று அவர்கள் கண்டார்கள். கட்டி வெள்ளியோடு ஒரு யுகம் ஊற வைத்தாலும் நடக்காதது துகளோடு நடக்கிறது.

பூச்சிக்கொல்லிகளில் பலவற்றிலும் கார்பனோடு குளோரின் பிணைந்திருக்கிறது. அடுத்த அடி தானாகவே வந்தது. எண்டோசல்பானைத் தங்கத் துகள் கரைசலில் விட்டபோது சிவப்பு நீலமானது. என் மாணவியின் குடுவையில் உப்பு செய்த அதே நிறமாற்றம்தான், இங்கே அதைச் செய்தது துகளின் பரப்பில் போய் ஒட்டிய பூச்சிக்கொல்லி. கண்ணால் பார்க்கவும் முடிகிறது, துகளோடு சேர்த்துப் பிரித்தெடுக்கவும் முடிகிறது. அந்தக் கட்டுரையும் 2003இல்தான் வந்தது. காசர்கோட்டு முந்திரித் தோட்டங்களில் ஆண்டுக்கணக்காக ஹெலிகாப்டரிலிருந்து எண்டோசல்பான் பொழிந்த கதை அப்போது மலையாள நாட்டில் எல்லார் வாயிலும் இருந்தது. உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை விதிக்க 2011 ஆனது.

இந்தக் காலவரிசைதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. பாட்டில் தண்ணீர் பிரச்சினை வெடித்து, அதன்பிறகு பணம் ஒதுக்கி, அதன்பிறகு ஆராய்ச்சி தொடங்கியிருந்தால் 2007இல் கருவி வந்திருக்காது. நாடு கேள்வி கேட்டபோது விடையின் முதல் பாதி ஆய்வகத்தில் ஏற்கெனவே இருந்தது. 2001இல் மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை தொடங்கிய நானோ அறிவியல் திட்டத்தின் பொதுப்பணம் இதுபோன்ற ஆய்வகங்களைத் தாங்கி நின்றது. யாருக்கும் உடனடியாகப் பயன்படாத அடிப்படை ஆய்வுக்கு எதற்குச் செலவு என்று யாராவது கேட்டால், நான் கார்பன் டெட்ராகுளோரைடு கட்டுரையைத்தான் எடுத்துக் காட்டுவேன்.

மறுபாதி

இனி என் மாணவியின் கேள்விக்கு வருகிறேன். கரைசலில் மிதக்கும் துகளைக் குழாயில் கட்ட முடியாது. தண்ணீரோடு அதுவும் டம்ளருக்குள் வந்துவிடும், போர் தண்ணீர் பட்டால் திரண்டும் போகும். திரண்டால் பரப்பு போயிற்று, பரப்பு போனால் எல்லாம் போயிற்று.

பரப்பு என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஒரு கிராம் வெள்ளியைக் கனசதுரமாக வார்த்தால் அதன் ஆறு பக்கமும் சேர்ந்து ஒன்றேகால் சதுர சென்டிமீட்டர், ஒரு கடலைப்பருப்புக்குப் போர்த்தப் போதும். அதே ஒரு கிராமைப் பத்து நானோமீட்டர் உருண்டைகளாக ஆக்கினால் பரப்பு 57 சதுர மீட்டர். நம் ஊர்க் கணக்கில் 600 சதுர அடிக்குக் கொஞ்சம் மேல், ஒரு படுக்கையறை வீடு. அந்த வீட்டுத் தரை முழுக்கப் பூச்சிக்கொல்லி வந்து ஒட்ட இடம் இருக்கிறது. விலையுயர்ந்த வெள்ளியைச் சாதாரணக் குடும்பம் வாங்கும் கருவியில் வைக்க முடிந்தது இந்தக் கணக்கால்தான்.

அந்த 600 சதுர அடியை இழக்காமல் துகளை ஓரிடத்தில் கட்டிப்போட, அலுமினா என்கிற அலுமினியம் ஆக்சைடுத் தூள் பயன்பட்டது. இதையும் ஆய்வகத்தில் செய்து காட்டலாம். சிட்ரேட் வைத்துச் செய்த வெள்ளித் துகள் கரைசல் வெளிர் மஞ்சளாக இருக்கும். அதில் வெள்ளைவெளேர் என்ற அலுமினாத் தூளைப் போட்டுக் குலுக்கி வைத்தால், தூள் மஞ்சளேறி அடியில் உட்காரும், மேலே நீர் தெளிந்து நிற்கும். சாதாரணத் தண்ணீரில் அலுமினாவின் பரப்பில் நேர் மின்னூட்டம், சிட்ரேட் போர்த்திய வெள்ளியில் எதிர் மின்னூட்டம். ஈர்த்துப் பிடித்துக்கொள்கிறது. மாவில் மஞ்சள்தூள் பிசைந்தது போல இருக்கும், அவ்வளவு எளிமையான காட்சி. ஆனால் அதைக் கழுவிப் பார்க்க வேண்டும், அமிலத்தன்மை மாற்றிப் பார்க்க வேண்டும், கடினநீரை ஓடவிட்டுப் பார்க்க வேண்டும், மாதக்கணக்கில் ஓடவிட்டு வெளியேறும் நீரில் வெள்ளி எவ்வளவு என்று அளக்க வேண்டும். கட்டுரையில் ஒரு பத்தியாக வரும் இந்த வேலைதான் கருவியில் ஆண்டுகளாக நீளும்.

இங்கேதான் யுரேகா ஃபோர்ப்ஸ் உள்ளே வருகிறது. முதலில் சொன்ன மும்பை நிறுவனம் இதுதான், 1982இல் தொடங்கியது. அக்வாகார்டு என்ற பெயரில் புற ஊதா விளக்குக் கருவியை வீடுவீடாகக் கதவு தட்டி விற்றுப் பழகியவர்கள். என் தலைமுறையில் சென்னையில் வளர்ந்தவர்களுக்கு, டை கட்டிய இளைஞர் ஒருவர் பெட்டியோடு வந்து, "அஞ்சு நிமிஷம் டெமோ மட்டும் பாருங்க மேடம்" என்று வாசலில் நின்றது நினைவிருக்கும். ஐ.ஐ.டி.யின் தொழில்நுட்பத்தை உரிமம் பெற்று எடுத்துக்கொண்டது இந்த நிறுவனம். அதற்குக் காப்புரிமையும் பெறப்பட்டது. அந்தக் காப்புரிமையில் பெயர் சொல்லியிருக்கும் பூச்சிக்கொல்லிகள் குளோர்பைரிபாஸும் மாலத்தியானும், அதாவது 2003 அறிக்கையில் வந்த அதே பெயர்கள்.

நிறுவனம் கொண்டுவந்தது பணம் மட்டும் என்று நினைக்கிறவர்கள் உண்டு. அப்படி இல்லை. ஆய்வகத்துக்குத் தெரியாத மூன்று விஷயங்கள் அவர்களுக்குத் தெரிந்திருந்தன. ஒரு வீட்டில் ஒரு நாளில் எவ்வளவு தண்ணீர் பிடிப்பார்கள், எவ்வளவு வேகத்தில் வராவிட்டால் எரிச்சலாவார்கள், ஒரு கார்ட்ரிட்ஜை மாற்ற எவ்வளவு காலத்துக்கு ஒருமுறை ஆள் அனுப்ப முடியும். தூளை மெல்லிய அடுக்காக வைத்தால் தண்ணீர் தூளைத் தொடாமலே வழி கண்டுபிடித்து ஓடிவிடும், இறுக்கினால் சொட்டுசொட்டாக வரும். இந்த இரண்டுக்கும் நடுவே நிற்பது பொறியியல். ஆறு மாதத்துக்கு மேல் வீடுகளில் வைத்துச் சோதித்தார்கள். 2007 ஏப்ரலில், முதல் ஆயிரம் கருவிகள் மே மாதக் கடைசியிலிருந்து வழக்கம்போல வீட்டு வாசலில் விற்கப்படும் என்று அறிவித்தார்கள். அக்வாகார்டு கோல்ட் நோவா என்று பெயர். வெளியே பார்த்தால் ஏற்கெனவே இருந்த கருவி, உள்ளே கூடுதலாக ஒரு கார்ட்ரிட்ஜ்.

அந்தக் 'கூடுதலாக ஒரு கார்ட்ரிட்ஜ்' என்பதை நான் பெரிய புத்திசாலித்தனமாகப் பார்க்கிறேன். புதுக் கருவி, புதுக் கடை, புதுப் பெயர் என்று போயிருந்தால் பாதி வழியிலேயே மூச்சு வாங்கியிருக்கும். தெரிந்த பெயர், தெரிந்த விற்பனையாள், தெரிந்த சர்வீஸ் ஆள், அதற்குள் தெரியாத ஒரு வேதியியலை நுழைத்தார்கள். 2016 வரை இந்தத் தொழில்நுட்பம் சுமார் 75 லட்சம் பேரை எட்டியதாக ஆய்வுக்குழுவின் மதிப்பீடு.

விற்ற பிறகு புரிந்துகொண்டது

கருவி சந்தைக்கு வந்து ஐந்து ஆண்டு கழித்து, 2012இல், பிரதீப்பின் குழுவிலிருந்து இன்னொரு கட்டுரை வந்தது. குளோர்பைரிபாஸ் வெள்ளித் துகளின் மேல் என்ன ஆகிறது என்பதைப் படிப்படியாக அவிழ்த்துக் காட்டியது அது. மூலக்கூறிலிருக்கும் கந்தகம் முதலில் வெள்ளியின் பரப்பைப் பற்றிக்கொள்கிறது. பிறகு பாஸ்பரசுக்கும் ஆக்சிஜனுக்கும் இடையிலான பிணைப்பு அறுகிறது. ஒரு துண்டு டிரைகுளோரோபிரிடினால், மறுதுண்டு டைஎத்தில் தயோபாஸ்பேட். கார்பன் டெட்ராகுளோரைடைப் போல முழுதாகக் கரியாகிப் போவதில்லை. தங்கத்தைவிட வெள்ளி வேகமாகச் செய்கிறது என்பதும் அதில் உறுதியானது.

கணக்கையும் கொடுத்திருந்தார்கள். எடையில் அரை சதவீதம் வெள்ளி ஏற்றிய அலுமினா 100 மில்லிகிராம், பத்து லட்சத்தில் இரண்டு பங்கு குளோர்பைரிபாஸ் கலந்த நீர் 10 மில்லிலிட்டர், முழுதாகச் சிதைய மூன்று மணி நேரம். அந்த நீர், குடிநீர் வரம்பைப் போல 20,000 மடங்கு அசுத்தம். ஆகவே வீட்டுக் குழாய்க்கு இதை அப்படியே பொருத்திப் பார்க்கக் கூடாது. ஆனாலும் கார்ட்ரிட்ஜில் தண்ணீர் தங்கும் நேரம் மிகக் குறைவு. அந்த நேரத்துக்குள் நடக்க வேண்டியது ஒட்டிக்கொள்வது. உடைவது அதன்பிறகு நிதானமாக நடக்கலாம்.

சந்தைக்கு வந்த பிறகு வினையின் வழியை ஆராய்கிறார்களே என்று முகம் சுளிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். நீரிலிருந்து பூச்சிக்கொல்லி போய்விட்டதா என்பதை விற்பதற்கு முன் நிரூபித்தாக வேண்டும், அதை அளந்தார்கள். எந்தப் பிணைப்பு எப்போது அறுகிறது என்பது தொடர்ந்து தேட வேண்டியது. நான் இந்தக் குழுவை மதிப்பது, உரிமம் கொடுத்த கையோடு கோப்பை மூடிவிடாமல், தாங்களே விற்கக் கொடுத்த பொருளைத் திரும்பவும் ஆய்வகத்துக்கு எடுத்துவந்து கேள்வி கேட்டதற்காக. பல கூட்டுறவுகளில் ஒப்பந்தம் கையெழுத்தான நாளே ஆராய்ச்சி முடிந்த நாளாகிவிடுகிறது.

அதே வெள்ளி, வேறு இடங்களில்

2007ஐ ஒட்டிய ஆண்டுகளில் உலகமெங்கும் வெள்ளி நானோ துகள் நுகர்பொருள்களுக்குள் புகுந்துகொண்டிருந்தது. சட்டை, சாக்ஸ், சலவை எந்திரம், குளிர்சாதனப் பெட்டி. வெள்ளி அயனிகளைத் துணியில் விடும் சலவை எந்திரங்களைப் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் கீழ் பதிவு செய்ய வேண்டும் என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2007இல்தான் அறிவித்தது. 2008இல் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பென்னும் வெஸ்டர்ஹாஃபும் கடையில் வாங்கிய ஆறு வகை சாக்ஸ்களைத் தண்ணீரில் போட்டு ஆட்டிப் பார்த்தார்கள். அரை லிட்டர் நீரில் 650 மைக்ரோகிராம் வரை வெள்ளி கழன்று வந்தது. நாற்றம் வராமலிருக்க வைத்த வெள்ளி, நாலு சலவையில் சாக்கடைக்குப் போனால் அங்கே கழிவுநீரைச் சுத்தம் செய்யும் நுண்ணுயிர்களை என்ன செய்யும்?

சாக்ஸ் செய்தவர்களும் துகளைத்தான் விற்றார்கள். சென்னைக் குழு அதற்கு முன்பே துகளைப் பிடித்து நிறுத்துவதில் ஆண்டுகளைச் செலவழித்திருந்தது. குடிக்கிற தண்ணீர் என்பதால் வேறு வழியில்லை என்று சொல்லலாம். உண்மைதான். அந்த நெருக்கடிதான் நல்ல வேதியியலை வரவழைத்தது. நானோ நுகர்பொருள் எதைப் பார்த்தாலும் நான் முதலில் கேட்பது இதைத்தான்: துகள் கடைசிவரை எங்கே இருக்கும்?

2009 டிசம்பரில் டாடா ஸ்வச் வந்தது. நெல் உமிச் சாம்பலில் வெள்ளி நானோ துகளைப் படியவைத்துக் கிருமியைக் கொல்லும் கருவி. மின்சாரமும் குழாயும் வேண்டாம், அன்றைய விலை 749 ரூபாயும் 999 ரூபாயும், பல்பு என்று அழைத்த அதன் வடிகட்டி 299 ரூபாய், 3,000 லிட்டர் தாங்கியது. பூச்சிக்கொல்லி அதன் வேலை இல்லை. ஆனால் அங்கேயும் துகளுக்கு ஒரு பிடிமானம் தேடியிருக்கிறார்கள், அதுவும் அரிசி ஆலை எரித்துக் கொட்டும் சாம்பலில்.

மீட்டர் காட்டாத நன்மை

பூச்சிக்கொல்லி கார்ட்ரிட்ஜின் பெரிய சிக்கல் வேதியியலில் இல்லை. வாங்குகிறவரால் அதன் பலனைப் பார்க்க முடியாது. 0.1 மைக்ரோகிராமுக்கு நிறமில்லை, வாசமில்லை, ருசியில்லை. அதை அளக்க வாயு நிறப்பிரிகைக் கருவி வேண்டும், பயிற்சி பெற்ற ஆள் வேண்டும். ஆனால் சவ்வு வழியாகத் தண்ணீரின் உப்பை நீக்கும் ஆர்.ஓ. கருவியை விற்கிறவர் கையில் பேனா மாதிரி ஒரு மீட்டர் இருக்கிறது. நம் வீட்டு டம்ளரில் அதை முக்கி 900 என்று காட்டுவார், அவர் கருவித் தண்ணீரில் முக்கி 60 என்று காட்டுவார். அந்தக் காட்சிக்கு முன்னால் எந்தக் கட்டுரையும் நிற்காது. அந்த மீட்டர் அளப்பது கரைந்த உப்பு. பூச்சிக்கொல்லி 833 லாரிக்கு ஒரு கிராம் இருந்தாலும் ஆயிரம் கிராம் இருந்தாலும் அதன் முள் அசையாது.

சென்னைப் புறநகரில் போர் தண்ணீர் உப்பு என்பதால் ஆர்.ஓ. வேண்டிய வீடுகள் நிறையவே உண்டு, அதை மறுக்கவில்லை. ஆர்.ஓ. சவ்வு பூச்சிக்கொல்லியிலும் பெரும்பகுதியைத் தடுக்கும். ஆனால் உப்பு குறைந்த ஆற்றுத் தண்ணீர் வரும் ஊர்களிலும் அதுவே மாட்டப்பட்டு, ஒரு குடம் குடிக்க இரண்டு மூன்று குடம் கழிவுக் குழாயில் போகிறது. கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குக் கீழே உள்ள இடங்களில் ஆர்.ஓ. கூடாது என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2019இல் சொல்ல வேண்டிவந்தது. ஒரு சொட்டும் வீணாக்காமல் பூச்சிக்கொல்லியை மட்டும் குறிவைத்து எடுக்கும் தொழில்நுட்பம் நம்மூரிலேயே பிறந்திருந்தும், வாசலில் நடந்த மீட்டர் காட்சியில் அது பின்னுக்குப் போனது எனக்கு வருத்தமே. அளவிடும் வசதியையும் சேர்த்து மக்களிடம் கொண்டுபோயிருக்க வேண்டும். தங்கத் துகள் சிவப்பிலிருந்து நீலமாகும் அந்தச் சோதனை 2003இலேயே கையில் இருந்ததே என்று நினைத்துக்கொள்வேன். வரம்பு அளவுக்கு அது கூர்மையில்லைதான், ஆனால் அந்தத் திசையில் தள்ளியிருக்கலாம்.

இன்னொரு குறையும் உண்டு. வயலில் மருந்தடிக்கும் குடும்பத்தின் கிணற்றில்தான் பூச்சிக்கொல்லி அதிகம். கோல்ட் நோவா மாதிரியான கருவி போனது நகரத்து அடுக்களைக்கு. கதவு தட்டி விற்கிற முறைக்கு எட்டுகிற கதவுகள் அவைதான்.

இறால் ஓட்டுக் கூண்டு

இந்தக் குறையைப் பிரதீப்பின் குழு உணர்ந்திருந்தது என்பதற்கு அடுத்த பத்தாண்டு வேலையே சாட்சி. 2013 மே மாதம் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகத்தின் இதழில் ஒரு கட்டுரை வந்தது, முதல் பெயர் எம். உதய சங்கர். இந்தமுறை குறி கிருமிகள். வெள்ளித் துகள் தண்ணீருக்குள் மெல்ல மெல்ல அயனிகளை விட்டுக் கிருமியைக் கொல்லும் என்பது பழைய செய்தி. நிஜத் தண்ணீரில் அது கொஞ்ச நாளில் நின்றுவிடும், சிலிக்கேட்டும் கரிமப் பொருளும் துகளின்மேல் பொருக்குக் கட்டிவிடும். சமையலறைக் குழாயின் வாயில் வெள்ளை பிடிப்பது போலத்தான்.

அதற்கு அவர்கள் செய்தது ஒரு கூண்டு. இறால், நண்டு ஓட்டிலிருந்து எடுக்கும் கைட்டோசானையும் அலுமினியம் ஆக்சிஹைட்ராக்சைடையும் சேர்த்து, அறை வெப்பநிலையில், தண்ணீரிலேயே, அடுப்பு மூட்டாமல் செய்த குருணை. அதன் கண்ணிகளுக்குள் வெள்ளித் துகள் உட்கார்ந்திருக்கும். பொருக்கு உள்ளே போகாது, துகள் வெளியே வராது, அயனி மட்டும் லிட்டருக்கு ஏறத்தாழ 40 மைக்ரோகிராம் வீதம் சீராக வரும். குடிநீரில் வெள்ளிக்கான வரம்பு 100. ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு இரண்டரை டாலர் செலவு என்று கணக்கிட்டார்கள், அன்றைய மதிப்பில் சுமார் 140 ரூபாய்.

அந்தக் கூண்டில் வெள்ளிக்குப் பதில் இரும்பு ஆக்சிஹைட்ராக்சைடை வைத்தால் ஆர்செனிக்கைப் பிடிக்கிறது. ஃபெர்ரிஹைட்ரைட் என்ற இந்த இரும்புச் சேர்மம் ஆர்செனிக்கை அபாரமாக உறிஞ்சும், ஆனால் நிலையில்லாதது. விட்டால் படிகமாகி மாறிப்போய் உறிஞ்சும் திறனை இழந்துவிடும். கைட்டோசான் கூண்டு அதை மாறவிடாமல் நிறுத்தியது. அவுலா அனில் குமாரை முதல் ஆசிரியராகக் கொண்டு அந்தக் கட்டுரை 2017இல் வந்தது. கருவிக்கு அம்ரித் என்று பெயர் வைத்தார்கள். ஆர்செனிக்கையும் உலோகங்களையும் இந்தியத் தொழில்நுட்பத்தால் நீக்குதல் என்ற பொருளில் ஆங்கில முதலெழுத்துகள், அமிர்தம் என்றும் காதில் விழும்.

இங்கே கூட்டுறவின் வடிவமும் மாறியது. உரிமத்தை ஒரு பெரிய நிறுவனத்திடம் கொடுத்துவிட்டு ஒதுங்காமல், ஆராய்ந்தவர்களே இன்னோநானோ ரிசர்ச் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். தரமணியில் 2010இல் எழுந்த ஐ.ஐ.டி. ஆராய்ச்சிப் பூங்கா அதற்கேற்ற சூழலைத் தந்தது. 2016இல் நானோஹோல்டிங்ஸ் என்ற அமெரிக்க நிறுவனம் 1 கோடியே 80 லட்சம் டாலர் முதலீடு அறிவித்தது. வாங்குகிறவரும் மாறினார். ஆர்செனிக் நிலத்தடி நீரில் கலந்திருக்கும் மேற்கு வங்கக் கிராமத்தில் யாரும் கதவு தட்டி விற்க முடியாது, அங்கே ஊர்ப் பொதுக்குழாயில் அரசாங்கம்தான் மாட்ட வேண்டும். அப்படி மாட்டினார்கள். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் அந்தத் தண்ணீரைக் குடிக்கிறார்கள். 2020இல் பிரதீப்புக்கு பத்மஸ்ரீ கிடைத்தது.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது, பூச்சிக்கொல்லி கார்ட்ரிட்ஜ் இல்லாமல் அம்ரித் வந்திருக்காது என்றே நினைக்கிறேன். தூளைக் கார்ட்ரிட்ஜில் அடைப்பதில் என்னென்ன தவறும், வீட்டில் என்னென்ன நடக்கும் என்பதை நிறுவனத்தோடு வேலை செய்த அந்த ஆண்டுகள்தான் ஆய்வகத்துக்குக் கற்றுக்கொடுத்தன. பொதுவாக இதைப் பேசும்போது ஆய்வகம் நிறுவனத்துக்கு அறிவு கொடுத்தது என்று ஒரு பக்கமாகவே சொல்கிறோம்.

பழைய கார்ட்ரிட்ஜ்

துகள் கடைசிவரை எங்கே இருக்கும் என்ற கேள்விக்கு இன்னும் விடை வராத ஓர் இடம் இருக்கிறது. போன வருடம் எங்கள் வீட்டுத் தண்ணீர்க் கருவியில் கார்ட்ரிட்ஜ் மாற்ற ஒரு பையன் வந்தான். மேலே சொன்ன கருவிகளில் எதுவும் இல்லை, வேறொரு நிறுவனத்தின் கருவி, உள்ளே வெள்ளி ஏற்றிய கார்பன் என்று உறையில் எழுதியிருந்தது. கழற்றியதை என் கையில் கொடுத்தான்.

"தம்பி, இந்தப் பழசை நீங்க எடுத்துட்டுப் போகலையா?"

"இல்ல மேடம், குப்பையிலதான் போடணும். கம்பெனியில திருப்பி வாங்கறதில்ல."

"இதுல வெள்ளி இருக்கே."

சிரித்துக்கொண்டே கார்ட்ரிட்ஜைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "இத யாரும் கேட்டதில்ல மேடம்."

எங்கள் பகுதிக் குப்பை பெருங்குடிக்குப் போகும், பக்கத்தில் பள்ளிக்கரணை சதுப்புநிலம். கார்ட்ரிட்ஜைக் கல்லூரிக்கு எடுத்துப்போனேன். ரம்பத்தால் அறுத்துக் கறுப்புக் குருணையைத் தட்டில் கொட்டினோம். ஒரு கரண்டி எடுத்து நீர்த்த நைட்ரிக் அமிலத்தில் ஊறவைத்து, வடிகட்டி, தெளிந்த நீரில் இரண்டு சொட்டு உப்புக் கரைசல் விட்டாள் ஒரு மாணவி. தயிர் திரிவது போல வெள்ளையாகத் திரண்டது. வெள்ளிக் குளோரைடு. ஒரு வருடம் எங்கள் வீட்டுத் தண்ணீரைத் தாங்கிய பிறகும் அது அங்கேயே இருந்தது. சோதனைக் குழாயை ஜன்னலோரம் வெயிலில் வைத்தோம். மதிய வகுப்பு முடிந்து வந்து பார்த்தபோது வெள்ளை ஊதாவாகக் கறுத்துக்கொண்டிருந்தது.

மிச்சக் குருணையை ஒரு பாட்டிலில் போட்டு, 'வெள்ளி, மீட்க வேண்டியது' என்று எழுதி அலமாரியில் வைத்திருக்கிறாள் அவள். அதன்பிறகு பிள்ளைகள் தங்கள் வீட்டுப் பழைய கார்ட்ரிட்ஜ்களைக் கொண்டுவரத் தொடங்கியிருக்கிறார்கள். இப்போது அலமாரியில் பதினொன்று இருக்கின்றன.